எப்பலேர்ந்து என்று கேட்டவர்

அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். "பொண்ண மீட்டுக் குடுத்த மனுஷன், பேரக் கேட்டு வச்சிக்கல. நீயெல்லாம் ஒரு ஆம்பள" என்பாள். நான் மட்டுமா கேட்கவில்லை? மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் ஒருத்தருமே கேட்கவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு வீட்டு வாசல் சுவரிலும் அவர் கையெழுத்து இருந்தது. இங்கிலீஷில் இரண்டு எழுத்து, பக்கத்தில் தேதி. அந்த இரண்டு எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்கிற யோசனை எங்களில் யாருக்கும் வந்ததில்லை. நேரில் சார் என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் 'எப்பலேர்ந்து' என்போம்.

எழுபதுகளின் நடுவில், மலேரியா மறுபடி தலையெடுத்திருந்த சமயம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் திண்டிவனம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான ஆள். உப்பளத்துச் சேறு படாமல் காக்கிப் பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருப்பார். தோளில் துணிப்பை, கேரியரில் சின்ன மரப்பெட்டி. பெட்டிக்குள் ரத்தச் சொட்டைத் தடவி எடுத்துப்போகிற கண்ணாடித் துண்டுகள், ஊசி, ஸ்பிரிட் பஞ்சு. வாசலில் நின்று, "வூட்ல யாருக்காச்சும் காய்ச்சலா?" என்பார். இல்லையென்றால் சுவரில் தேதியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி உடனே வரும். "எப்பலேர்ந்து?"

எங்கள் ஜனங்களிடம் தேதி கேட்டால் கிடைத்துவிடுமா? "உப்பு லாரி கவுந்துதே, அதுக்கு மொத நாளு" என்பார்கள். "தோ, எதிர் வூட்டு மாடு கன்னு போட்டப்போ" என்பார்கள். அவர் சலித்துக்கொள்ளவே மாட்டார். லாரி கவிழ்ந்தது என்ன கிழமை, அன்றைக்குச் சந்தை உண்டா, வளர்பிறையா தேய்பிறையா என்று நூல் பிடித்துப் போய்த் தேதியைக் கண்டுபிடித்துவிடுவார். அதை நோட்டில் எழுதின பிறகுதான் ஊசி வெளியே வரும். "தேதி தெரியாம மாத்திர குடுக்கறது கண்ண மூடிக்கினு கல்லு வுடற மாதிரிம்மா" என்பார். அதற்குள் காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்து, "சீக்கிரம் குத்திட்டுப் போ சார்" என்று கெஞ்ச ஆரம்பித்திருப்பான்.

குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பதென்றால் முதலில் தன் விரலில் குத்திக் காட்டுவார். அதற்கென்று தனி ஊசி வைத்திருந்தார். சிவப்பாக ஒரு பொட்டு எழும்பும். "பாத்தியா, அவ்ளோதான்" என்பார். இடது கை விரல் நுனியெல்லாம் சல்லடையாக இருக்கும். இப்படி ரத்தத்துக்கு அஞ்சாத மனிதர் நாயைக் கண்டால் நடுங்குவார். எங்கள் தெருக்கோடியில் ஒரு செவலை நாய் உண்டு. அது படுத்திருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உப்பள வரப்பைச் சுற்றி வருவார். நாங்கள் சிரிப்போம்.

அந்தக் கேள்வி காய்ச்சலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதைச் சொன்னாலும் அவர் வாயில் அதுதான் வரும். ஒரு நாள் டீக்கடையில் உப்பளத்து மேஸ்திரி வம்புக்காக, "என் பொண்டாட்டி மூஞ்சி குடுத்தே பேச மாட்றா சார், அதுக்கு மாத்திர இருக்குதா?" என்றார். கடையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. "எப்பலேர்ந்து?" என்றார். மேஸ்திரி தாடையைச் சொறிந்து, "மாசி மகத்துலேர்ந்து இருக்கும்" என்றார். "மாசி மகத்துல இன்னா பண்ண?" மேஸ்திரி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குச் சாயந்திரமே மாமியாரைச் சமாதானம் செய்ய அவர் ஊருக்குப் பஸ் ஏறினார் என்று கேள்வி.

அதே மேஸ்திரிக்கு ஏழு வயதில் ஒரு பேரன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் திமிர் பிடித்தவன் என்று பேரெடுத்து, தினமும் காது திருகல் வாங்குகிறவன். "எப்பலேர்ந்து இந்தத் திமிரு?" என்று கேட்டார் இவர். திமிருக்குத் தேதியா என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் விடாமல் துருவினார். மணல்வாரி அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகுதான் என்று பையனின் அம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். பையன் வாய்க்கால் ஓரத்தில் நண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இவர் சத்தமில்லாமல் அவன் பின்னால் போய் நின்று சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. பையன் நண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காத காதைத்தான் இரண்டு வருஷமாகத் திருகிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்து மேஸ்திரி வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்தவன்தான் நானும். அந்தக் கேள்வி என் வாசலுக்கும் வரும் என்று நினைத்தேனா என்ன?

நான் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, எனக்கு அதற்கும் ஒரு சாண் மேலே. உப்பளத்தில் தை பிறந்து வேலை தொடங்கினால் மழை வரைக்கும் பிழைப்பு உண்டு. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் தை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த மூன்று மாதத்துக்கு நான் ஒரு வேலை கண்டுபிடித்தேன். வலையின் அடிக்கயிற்றில் கோக்க மீன்பிடிக்கிறவர்களுக்கு ஈயக்குண்டு வேண்டும். பாண்டிச்சேரி காயலாங்கடையில் பஸ், லாரிகளின் செத்துப்போன பேட்டரிகள் கிடைக்கும். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, களிமண் அச்சில் ஊற்றினால் குண்டு தயார். வெளியே அடுப்பு மூட்டினால் கடல்காற்று நெருப்பை நிற்க விடாது. அதனால் வீட்டுக்குள்ளேயே, சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு போட்டேன். என் சொந்த மூளையில் உதித்த தொழில் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. என் மகள் அஞ்சலைக்கு அப்போது மூன்று வயது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆறின குண்டுகளை எண்ணி விளையாடச் சொல்வேன்.

அந்தக் கார்த்திகையில் பிள்ளை மாறிப்போனாள். அதுவரை எல்லாக் குழந்தைகளையும் போலச் சிரித்து, விழுந்து, அழுது, உடனே மறந்துவிடுகிறவள். திடீரென்று எதற்கெடுத்தாலும் வீல் என்று கத்தினாள். சோற்றைத் தட்டோடு வீசினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் இருப்பதில்லை. வாயில் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்படிச் சாம்பல் மண்ணை விரலால் தொட்டுத் தொட்டு நக்குவாள். "துப்புடி" என்றால், "தித்திப்பா இருக்குதுப்பா" என்பாள். மண் தின்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அடிப்பேன். அடித்தால் என் கையைக் கடிப்பாள். கடித்தால் இன்னும் அடிப்பேன்.

தெருவில் காரணம் தயாராக இருந்தது. மழை ஆரம்பத்தில் அஞ்சலை தண்ணீர் நின்ற உப்புப் பாத்தியில் ஒரு தரம் வழுக்கி விழுந்திருந்தாள். பயந்த கோளாறு, மழைப்பேய் பிடித்துக்கொண்டது என்றார்கள். கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு வேண்டிக்கொண்டோம். தை பிறந்தது. உப்பளம் திறந்தது. சட்டியைக் கவிழ்த்துப் பரண் மேல் போட்டேன். சித்திரைக்குள் பிள்ளை பாதிக்கு மேல் தேறிவிட்டாள். மழைப்பேய் மழையோடு போய்விட்டது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பதினைந்து நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த மலேரியாக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். "எப்பலேர்ந்து?" "மழ புடிச்சதுலேர்ந்து சார்." அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் என் மனைவி ராணிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. உப்பு விலைபோகாமல் அம்பாரமாகக் கிடக்கவே முதலாளி ஆவணியிலேயே உப்பளத்தை மூடிவிட்டார். நான் சட்டியை இறக்கினேன். அஞ்சலை மறுபடி ஆரம்பித்தாள். போன வருஷத்தைவிட மோசம். ஒரு வாரத்துக்கு வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகிக் கிடக்கும். முகம் வெளுத்துவிட்டது. சொன்ன சொல் தலையில் நிற்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் தொட்டிலில் கிடந்த தம்பியின் கன்னத்தைக் கடித்துவிட்டாள். ரத்தம். ராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். நான் அன்றைக்கு அஞ்சலையை அடித்த அடியைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

ராணியின் அண்ணன், என் மச்சான், வானூர் பக்கத்திலிருந்து வந்தார். "இது கோயில் கொளத்துக்கு அடங்கற பேய் இல்ல மாப்ள. எங்க ஊரு பக்கம் சூடு போடறவரு ஒருத்தரு இருக்காரு. கம்பியக் காய்ச்சித் தொப்புளச் சுத்தி நாலு எடத்துல வச்சா எப்பேர்ப்பட்டதும் எறங்கிடும். அமாவாசைக்கு வரச்சொல்லிட்டேன்" என்றார். ராணி அழுதாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்குழந்தையை ஒரு நிமிஷம்கூடக் கீழே விட முடியாமல் அவள் தவித்ததை நான் பார்த்தேன். சரி என்று சொன்னவன் நான்தான். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது.

அன்றைக்குக் காலையில்தான் மலேரியாக்காரர் முறை. மழை ஒரு வழியாக அதற்கு முந்தின வாரம்தான் இறங்கியிருந்தது. குடையும் சைக்கிளுமாக வந்து நின்று, "காய்ச்சலா?" என்றார்.

"காய்ச்சல் இல்ல. பேய்" என்றேன் கடுப்பில். சூடு போடப் போகிற விஷயத்தையும் சொன்னேன். அவர் குடையை மடக்கினார்.

"எப்பலேர்ந்துப்பா?"

எனக்குச் சுரீர் என்று வந்தது. "அதான் போன வருஷமே சொன்னனே சார். மழ வந்தா வருது, மழ போனா போவுது. எத்தினி வாட்டி கேப்பீங்க? ஒங்களுக்கு வேற வார்த்தயே தெரியாதா?"

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். ஆபீஸ் ரிஜிஸ்தர் இல்லை, மாட்டுப் படம் போட்ட அட்டையில் ஒரு பழைய நோட்டு. எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பிறகு எங்கள் வாசல் சுவரில் தான் போட்ட தேதிகளைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இந்த வருஷம் மழ எப்ப எறங்கிச்சு?"

"போன வாரம்" என்றாள் ராணி உள்ளேயிருந்து.

"நான் பொரட்டாசி கடசில வந்தப்ப புள்ள வவுத்தப் புடிச்சிக்கினு கீழ உருண்டுக்கினு இருந்துது. எழுதி வச்சிருக்கேன். அன்னிக்கி ஊர்ல ஒரு சொட்டு மழ இல்ல. சாணி வரட்டி காய வச்சிருந்தம்மா நீ." அவர் தலையைத் தூக்கினார். "மழ வர்றதுக்கு ஒன்றர மாசம் முன்னாடியே பேய் வந்திருக்குது. அப்ப மழ இல்லம்மா. போன வருஷம் மழயோட வேற ஒண்ணும் வந்திருக்குது. இந்த வருஷம் அது மட்டும் மழைக்கு முன்னாடியே வந்திடிச்சு. இன்னா அது?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சத்தியமாக. மச்சான், "வாசனைக்கே வந்திருக்கும் சார், மேகம் கட்டனாலே அதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அப்போது ராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படி மூலையைப் பார்த்தாள்.

"சட்டி வந்துது" என்றாள்.

அவர் உள்ளே வந்து பார்த்தார். சட்டி, அதன் விளிம்பில் படிந்த சாம்பல் நிறப் பொடி, அதற்கு இரண்டு முழம் தள்ளி அஞ்சலையின் பாய், பாயின் மேல் அவள் சொப்பாக வைத்து விளையாடுகிற ஈயக்குண்டுகள். ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் பல் தடம் இருந்தது. "இதால வருமா வராதான்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் டாக்டர் இல்ல. ஆனா தேதி ஒத்துப் போவுது. சூடு போடறத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பாண்டிக்கு வா" என்றார். மச்சான் முறைத்தார். எனக்கும் மனசில்லை. என் தொழிலையா சொல்கிறான் இந்த ஆள் என்று கொதித்தது. சண்டைக்கு வாயெடுத்தபோதுதான் ராணி அஞ்சலைக்கு மாற்றுப் பாவாடையை மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை.

பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அஞ்சலையின் உதட்டை மடக்கிப் பார்த்தார். ஈறு ஓரத்தில், பல்லை ஒட்டி, பென்சிலால் கோடு போட்ட மாதிரி கருநீலமாக ஒரு வரி. "வீட்டில் என்ன தொழில்?" என்றார். சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி, "உன் வாயைத் திற" என்றார். என் ஈறிலும் அதே கோடு. ஈயப் புகையும் பொடியும் உடம்பில் சேர்ந்தால் வயிறு இறுகும், ரத்தம் வற்றும், மூளையைக் கலக்கும், சின்னப் பிள்ளைகளை அதிகமாகப் பிடிக்கும், அந்தப் பொடி நாக்குக்குத் தித்திக்கவும் செய்யும் என்றார். "பேயெல்லாம் இல்லை. நீங்கள் ஊட்டின விஷம்" என்றார். பாவி நான், பிள்ளை விரலை நக்கித் தித்திப்பு என்று சொன்னாளே, அதற்கல்லவா அடித்தேன்.

ஊசி போட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். திரும்பி வந்து சட்டியை உப்பளத்துக்கு அப்பால் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தேன். அடுப்படித் தரையை ஒரு சாண் வெட்டி எடுத்துப் புது மண் போட்டோம். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். கத்தல் குறைந்தது. கடிப்பது நின்றது. ஆனால் போனதெல்லாம் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னது மெய்யாகிவிட்டது. அஞ்சலைக்குக் கடைசி வரை வாய்ப்பாடு ஏறவில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள், நல்ல கெட்டிக்காரி, வலை பின்னினால் கண் தப்பாது. ஆனாலும் பஸ் நம்பரைப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பாள். அவள் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மலேரியாக்காரர் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னேன். மோர் கொடுத்தேன். எனக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி இருந்தது. பத்து நாளாக அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "சார், பெரியவங்களுக்கும் இந்த ஈயம் சேந்தா எரிச்சலு, கோவம் எல்லாம் வருமாம். டாக்டரே சொல்லிட்டாரு. என் வாய்லயும் அந்தக் கோடு இருக்குது. நான் புள்ளய அடிச்சதுக்கும் அதுதான் சார் காரணம். பாத்தீங்களா?"

அஞ்சலை வாசலில் சிப்பிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் மோரை ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்து அடிக்கிற?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "சட்டி வந்ததுலேர்ந்து" என்று சொல்ல வந்தேன். அவர் அதற்குள் அந்த மாட்டுப்படம் போட்ட நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பென்சில் எழுத்து. ஆனி மாதம், கீழே இங்கிலீஷ் தேதி, எங்கள் வீட்டு நம்பர். 'காய்ச்சல் இல்லை. பெண் குழந்தை முதுகில் விரல் தடம்.' முதல் வருஷத்து ஆனி. சட்டி வந்தது ஐப்பசியில். நடுவில் நான்கு மாதம். அடுத்த பக்கம் ஆடி, 'கன்னம் வீங்கியிருக்கிறது.' அப்புறம் ஆவணி. பிள்ளை அதுவரை சிரித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. மண்ணெண்ணெயைக் கொட்டினாள் என்று அடித்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பேயையும் ஈயத்தையும் பிள்ளையையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால், அந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, "எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே சார், அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கணும்பா. கேட்டா அடுத்த தடவ கதவத் தொறக்க மாட்டீங்கன்னு பயம். நான் காய்ச்சல் கேக்க வர்ற ஆளு, எனக்கு இன்னாத்துக்குன்னு எழுதிக்கினு எழுதிக்கினு போயிட்டேன். மொத வருஷம் நீ சொன்னதக் கேட்டு மழன்னும் எழுதியிருக்கேன் பாரு. அது என் தப்பு" என்றார். மோரை முழுதும் குடிக்காமலே எழுந்து போனார். செவலை நாய் நடுத்தெருவில்தான் படுத்திருந்தது. அன்றைக்கு அவர் வரப்பைச் சுற்றவில்லை. நாயைத் தாண்டிக்கொண்டே போனார்.

அவருடைய கதை எனக்குத் தெரியாது. பிள்ளை குட்டி உண்டா, எதனால் இப்படித் தேதி தேதி என்று அலைந்தார், ஒன்றும் தெரியாது. ஒரு தரம் நானே, "ஒங்களுக்கு இந்தப் பழக்கம் எப்பலேர்ந்து சார்?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தரம்தான்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் போல வந்தார். பிறகு மாற்றல் என்றார்கள். கடைசியாக வந்த அன்று வழக்கம்போல வாசலில் நின்று, "காய்ச்சலா?" என்றார். "இல்ல சார்" என்றேன். சுவரில் தேதியைப் போட்டார். பையை மாட்டிக்கொண்டவர் போகாமல் அஞ்சலை முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. என் எதிரிலேயே கேட்டார்.

"அப்பா அடிக்கிறாரா?"

என் மேல் அவளுக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டதா என்று எனக்கே தெரியாது.

"இல்ல" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

அஞ்சலைக்குக் கிழமையும் தெரியாது, மாதமும் தெரியாது. விரலை மடக்கிப் பார்த்தாள். சுவரில் வரிசையாக இருந்த தேதிகளைப் பார்த்தாள். அவளுக்கு அவை வெறும் கோடுகள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று சொன்னாள்.

"நீ எங்கப்பாவக் கேட்டியே, அன்னிலேர்ந்து."

அவர் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.